பொய் சொன்ன ஊசியும் மாத்யூ பிளிண்டர்சும்

சிவில் நண்பர்களுக்குத் தெரியும். பிரிஸ்மாட்டிக் காம்பஸை வைத்துக்கொண்டு டிராவர்ஸ் போகும்போது ஏ-யிலிருந்து பி-க்கு ஒரு பேரிங், பி-யிலிருந்து ஏ-க்கு ஒரு பேரிங் எடுப்போம். இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 180 டிகிரி வரவேண்டும். வரவில்லையா? பக்கத்தில் எங்கேயோ இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். விளக்குக் கம்பம், தண்டவாளம், ஏன், பாக்கெட்டில் கிடக்கிற சாவிக்கொத்துகூட ஊசியை இழுத்துவிடும். லோக்கல் அட்ராக்ஷன் என்று படித்து, கரெக்ஷன் போட்டு, ஃபீல்டு புக்கில் கையெழுத்து வாங்கியதும் அதை மறந்துவிடுவோம். (மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.)

நாமாவது இரும்பை விட்டுத் தள்ளிப்போய் நின்றுகொள்ளலாம். கப்பலில் இருப்பவன் எங்கே போவான்? பீரங்கி, குண்டு, நங்கூரம், ஆணி என்று அவன் நிற்கிற இடமே ஒரு இரும்புக்கடை! அந்த இரும்புக்கடைக்குள் நின்றுகொண்டு ஒரு கண்டத்தின் கரையை அளந்தவர்தான் இங்கிலாந்துக் கடற்படையின் கேப்டன் மாத்யூ பிளிண்டர்ஸ். ஆஸ்திரேலியா என்ற பெயர் நிலைத்ததற்கும் அவரே முக்கியக் காரணம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் குக் பெயரைப் படித்திருப்போம், இவர் பெயரைப் படித்திருக்க மாட்டோம்.

பிறந்தது 1774 மார்ச் 16. ஊர் டோனிங்டன், லிங்கன்ஷயரில் ஒரு சின்ன கிராமம். அப்பா வைத்தியர். பையனும் வைத்தியம் படித்துத் தன் தொழிலைப் பார்த்துக்கொள்வான் என்று அப்பா நினைத்திருந்தார். பையனோ ராபின்சன் குரூசோ கதையைப் படித்துவிட்டுக் கடலுக்குத்தான் போவேன் என்று நின்றான். அந்தக் காலத்தில் கடற்படையில் மேலே வரவேண்டுமானால் பெரிய இடத்துச் சிபாரிசு வேண்டும். அது பெரிதாக இல்லாத சிறுவன் என்ன செய்தான் தெரியுமா? யூக்ளிட்டின் ஜியோமிதியையும் கப்பலோட்டும் கணக்குப் புத்தகங்களையும் வீட்டிலேயே உட்கார்ந்து, வாத்தியார் இல்லாமல் படித்து முடித்தான். 15 வயதில் கடற்படை. 17 வயதில் கேப்டன் பிளையுடன் தாகித்தி தீவுக்குப் போய் ஈரப்பலாக் கன்றுகளை ஏற்றிக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளில் இறக்கிய பயணம். அந்தப் பயணத்தில்தான் வரைபடம் போடுவது அவர் கைக்குப் பழகியது.

1795-ல் ரிலையன்ஸ் என்ற கப்பலில் சிட்னிக்கு வந்து சேர்ந்தார். அப்போது சிட்னி என்பது கைதிகளைக் கொண்டுவந்து இறக்கும் ஒரு குடியேற்றம், அவ்வளவுதான். கப்பலில் டாக்டராக வந்த ஜார்ஜ் பாஸும் இவரும் ஒரே மாவட்டத்துக்காரர்கள், ஒரே பைத்தியம். 8 அடி நீளப் படகு ஒன்று, டாம் தம்ப் என்று பெயர். அதில் இந்த இரண்டு பேரும் ஒரு சிறுவனும் ஏறிக்கொண்டு கரையை ஆராயக் கிளம்பிவிட்டார்கள்! நம்ம கிளாஸ் பெஞ்சைவிடக் கொஞ்சம்தான் நீளம்.

மறுவருஷம் இன்னொரு படகில் போனபோது ஒரு வேடிக்கை. அலையில் படகு முழுகி துப்பாக்கி மருந்து நனைந்துபோனது. அதைக் கரையில் காயவைக்க வேண்டும், ஆனால் அந்த மண்ணுக்குரிய ஆதிவாசி மக்கள் சுற்றி நிற்கிறார்கள். பிளிண்டர்ஸ் கத்தரிக்கோலை எடுத்து அவர்களுக்கு வரிசையாகத் தாடி கத்தரிக்க ஆரம்பித்துவிட்டார். மருந்து காய்கிறவரைக்கும் கடை நடந்தது. சலூன் வேலை தெரிந்த சர்வேயர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

1798-99-ல் நார்ஃபோக் என்ற 25 டன் கப்பலில் பாஸும் அவரும் டாஸ்மேனியாவை முழுசாகச் சுற்றி வந்தார்கள். அது தீவுதான், ஆஸ்திரேலியாவோடு ஒட்டிய நிலம் இல்லை என்பது அப்போதுதான் உறுதியானது. இடையில் இருக்கும் ஜலசந்திக்குப் பாஸின் பெயர் வைக்கப்பட்டது. பிளிண்டர்ஸ் தன் பெயரை எதற்கும் வைத்துக்கொள்ளவில்லை, கடைசிவரை வைக்கவில்லை. இன்று ஆஸ்திரேலியாவில் அவர் பெயரில் மலைத்தொடர், தெரு, பல்கலைக்கழகம் எல்லாம் இருக்கின்றன. அத்தனையும் மற்றவர்கள் வைத்தது.

இந்த வேலையைக் காட்டி 1801-ல் லண்டனில் பெரிய வாய்ப்பு வாங்கினார். கண்டம் முழுவதையும் சுற்றிக் கரையை அளக்க இன்வெஸ்டிகேட்டர் என்ற 334 டன் கப்பல். முதலில் நிலக்கரி ஏற்றக் கட்டியது, நல்ல கப்பல்கள் எல்லாம் பிரான்சோடு நடந்த யுத்தத்துக்குப் போயிருந்தன. கூடவே தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன், ஓவியர் பெர்டினாண்ட் பாயர். பிரௌனை நமக்குத் தெரியும், பிசிக்ஸில் வருகிற பிரௌனியன் இயக்கம் பிற்பாடு இவர் கண்டதுதான்.

அதே 1801 ஏப்ரல் 17-ல் ஆன் சாப்பெல் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். மனைவியையும் கப்பலில் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்பது அவர் திட்டம். மேலிடத்துக்குத் தெரிந்துவிட்டது. மனைவியா, கப்பலா என்ற நிலைமை. கல்யாணமாகி மூன்று மாதம், ஜூலை 18-ல் கப்பல் மட்டும் கிளம்பியது. திரும்பி மனைவி முகத்தைப் பார்க்க 9 வருஷம் 3 மாதம் ஆகப்போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. இதற்கு நடுவே இங்கிலாந்தின் கரையருகிலேயே, கையிலிருந்த வரைபடத்தில் குறிக்கப்படாத ஒரு மணல்திட்டில் கப்பல் தட்டி நின்றது. வரைபடம் தவறினால் என்ன ஆகும் என்ற பாடம் வீட்டு வாசலிலேயே கிடைத்துவிட்டது.

இனி அவர் எப்படி அளந்தார் என்று பார்ப்போம். இதுதான் நமக்கு வேண்டிய இடம்.

கரையில் இறங்கி செயின் பிடிக்க முடியாது. கரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். எனவே கப்பல் ஓடிக்கொண்டே இருக்கும்போது அளக்கவேண்டும். கப்பல் ஓரிடத்தில் இருக்கும்போது ஒரு முனைக்கு பேரிங், கொஞ்ச தூரம் போனதும் அதே முனைக்கு இன்னொரு பேரிங். இரண்டு கோடுகளும் வெட்டுகிற இடத்தில் முனை. நாம் பிளேன் டேபிளில் இன்டர்செக்ஷன் போடுகிறோமே, அதேதான். ஆனால் நம் பேஸ் லைன் தரையில் அசையாமல் கிடக்கும், டேப்பால் அளந்துவிடலாம். அவருடைய பேஸ் லைன் கப்பல் ஓடிய தூரம். முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் விட்டு வேகம் பார்த்து, நேரத்தால் பெருக்கிக் கண்டுபிடிப்பது. அடியில் நீரோட்டம் இழுத்தால் அந்தக் கணக்கும் போச்சு. அதனால் பகலில் சூரியனைப் பிடித்து செக்ஸ்டன்டால் அட்சரேகை, க்ரோனாமீட்டர் கடிகாரங்களைக் கொண்டு தீர்க்கரேகை என்று அடிக்கடி சரிபார்க்க வேண்டும். பூமி ஒரு மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. கடிகாரம் 4 விநாடி தப்பினால் பூமத்திய ரேகைப் பக்கத்தில் கிட்டத்தட்ட 1.85 கிலோமீட்டர் தப்பும். மாதக்கணக்கில் ஆடுகிற கப்பலில் 4 விநாடி!

பிளிண்டர்ஸ் சில விதிகள் வைத்திருந்தார். அலை கரையில் மோதுவது கண்ணுக்குத் தெரிகிற அளவு கரையை ஒட்டியே போகவேண்டும், அப்போதுதான் ஆற்று வாய் எதுவும் தப்பாது. சாயங்காலம் எந்த இடத்தில் கரையை விட்டோமோ, மறுநாள் காலை திரும்பி அதே இடத்துக்கு வந்துதான் வேலையைத் தொடங்கவேண்டும். பேரிங் பெரும்பாலும் அவரே எடுப்பார், பாய்மர உச்சியில் ஏறி உட்கார்ந்து. அன்றைய வரைபடத்தை அன்று ராத்திரியே போட்டுவிடுவார். ரெக்கார்டு நோட்டை செமஸ்டர் கடைசி வாரத்தில் மொத்தமாக எழுதுகிற நாம் இந்த வரியைக் கொஞ்சம் மெதுவாகப் படிக்கலாம். இவ்வளவு செய்தும் சில ஆறுகள் தப்பின. பிரிஸ்பேன் ஆற்றின் வாயும், கண்டத்தின் மிகப்பெரிய ஆறான மரேயின் வாயும் அவர் கண்ணில் படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது ஊசிக்கு வருவோம். தென்கரையை அளக்கும்போது அவருக்கு ஒரு சந்தேகம் விடாமல் வந்தது. ஒரே இடத்தில், ஒரே குன்றுக்கு, கப்பல் கிழக்கு நோக்கி நிற்கும்போது ஒரு பேரிங், மேற்கு நோக்கித் திரும்பியதும் வேறு பேரிங். வித்தியாசம் சில டிகிரிகள். 20 கிலோமீட்டர் தூரத்தில் 3 டிகிரி தப்பினால் ஒரு பாறை ஒரு கிலோமீட்டருக்கு மேல் இடம் மாறிவிடும். அந்த வரைபடத்தை நம்பி ராத்திரியில் வருகிற கப்பலின் கதி? இந்த முரண்பாடு அவருக்கு முன்னாலும் சிலர் கண்ணில் பட்டிருக்கிறது, குக்கோடு போன வானியலாளர் வேல்ஸும் கவனித்திருக்கிறார். பலர் காம்பஸ் மட்டம் என்றோ மாலுமி சரியாகப் பார்க்கவில்லை என்றோ விட்டுவிட்டார்கள். பிளிண்டர்ஸ் விடவில்லை. காம்பஸை இடம் மாற்றிப் பார்த்தார். ஒவ்வொரு ரீடிங்கிலும் கப்பலின் முகம் எந்தத் திசையில் என்பதையும் சேர்த்துக் குறித்தார்.

அப்படிக் குறித்ததில் ஒழுங்கு ஒன்று தென்பட்டது. கப்பல் காந்த வடக்கு அல்லது தெற்கு நோக்கி இருந்தால் பிழை இல்லை. கிழக்கு, மேற்கு நோக்கினால் பிழை உச்சம். இடையில் சைன் கணக்குப்படி ஏறி இறங்குகிறது. இன்னொரு ஆச்சரியம்: இங்கிலாந்துப் பக்கம் கப்பலின் இரும்பு ஊசியின் வடமுனையை இழுக்கிறது, பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே வந்தால் தென்முனையை இழுக்கிறது. ஏன்? செங்குத்தாக நிற்கும் இரும்பைப் பூமியின் காந்தமே காந்தமாக்குகிறது. பூமிக் காந்தத்தின் சாய்வு வடக்கே ஒரு பக்கம், தெற்கே எதிர்ப்பக்கம். அதோடு இரும்பின் குணமும் தலைகீழாகிவிடுகிறது. எலக்ட்ரிகல் நண்பர்களே, இண்டியூஸ்டு மேக்னடிசம் என்று நீங்கள் படிப்பதுதான் இது. பாரடே அப்போது பத்து வயதுப் பையன்!

மருந்தையும் அவரே சொன்னார். இரும்பு கெடுத்ததை இரும்பே சரிசெய்யட்டும். காம்பஸுக்கு எதிர்ப்பக்கம் செங்குத்தாக ஒரு இரும்புக் கம்பியை நிறுத்தினால், கப்பலின் இரும்பு எங்கெங்கே எப்படி மாறுகிறதோ, கம்பியும் அங்கங்கே அப்படியே மாறி ஈடுகட்டும். பிற்காலத்தில் கப்பலே இரும்பால் ஆனபோது இந்த யோசனை இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. கப்பல் காம்பஸின் பெட்டியில் வைக்கப்படும் அந்தக் கம்பிக்கு பிளிண்டர்ஸ் பார் என்றே பெயர்.

பயணத்துக்குத் திரும்புவோம். 1802 பிப்ரவரியில் தென்கரையில் குடிதண்ணீர் தேடிப் போன படகு அந்தி நேரத்தில் காணாமல் போனது. எட்டுப் பேர். நார்ஃபோக் காலத்திலிருந்து கூடவே இருந்த ஜான் திஸில் அதில் ஒருவர். கவிழ்ந்த படகு கிடைத்தது, ஆட்கள் கிடைக்கவில்லை. அந்த முனைக்குப் பேரழிவு முனை என்ற பொருளில் பெயர் வைத்தார். பக்கத்துத் தீவுகளுக்கு இறந்தவர்களின் பெயர்களை வைத்தார். இன்றைக்கும் வரைபடத்தில் அந்த மாலுமிகள் இருக்கிறார்கள். அந்த ஏப்ரல் 8-ல், அதே வேலையாக வந்த பிரெஞ்சுக் கேப்டன் போதானின் கப்பலை எதிரே சந்தித்தார். இரண்டு நாடும் யுத்தத்தில் இருக்கின்றன என்று இருவருக்கும் நினைப்பு. பீரங்கியைத் தயாராக வைத்துக்கொண்டே பேசினார்கள், பிறகு தகவல் பரிமாறிக்கொண்டு பிரிந்தார்கள்.

சிட்னியில் புங்கரீ என்ற ஆதிவாசி நண்பரும் ஏறிக்கொண்டார். புதுக் கரைகளில் ஆயுதம் இல்லாமல் முன்னே நடந்து போய் அங்குள்ள மக்களிடம் சமாதானம் செய்துவைத்தவர் அவர்தான். கண்டத்தைச் சுற்றி வந்த முதல் ஆதிவாசி என்று அவரைச் சொல்கிறார்கள். ஆனால் அவருடைய மக்கள் அந்தக் கரைகளுக்கு வைத்திருந்த பெயர்களுக்கு வரைபடத்தில் பெரும்பாலும் இடமில்லை. லிங்கன்ஷயர் கிராமங்களின் பெயர்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. சர்வே என்பது வெறும் அளவு மட்டும் இல்லை என்பதற்கு இது ஒரு உதாரணம்.

1802 நவம்பரில் வடக்கே கார்ப்பென்டேரியா வளைகுடாவில் கப்பல் ஒழுகியது. தச்சர்கள் பலகையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே உளுத்துப்போன மரம். நல்ல வானிலையில் ஆறு மாதம் தாங்கலாம், புயலில் மாட்டினால் அவ்வளவுதான் என்று அறிக்கை கொடுத்தார்கள். அந்த உளுத்த கப்பலிலேயே வளைகுடா முழுவதையும் அளந்தார்! 1803 பிப்ரவரியில் அங்கே மக்காசாரிலிருந்து கடலட்டை பிடிக்க வந்திருந்த தோணிக்காரர்களைச் சந்தித்தார். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே அவர்களுக்கு அந்தக் கரை அத்துப்படி. தலைவர் பொபாசூவின் பெயரில் அங்கே ஒரு தீவு இருக்கிறது. அதற்குமேல் கப்பல் தாங்காது என்று தெரிந்து, மேற்குக் கரையை அளக்காமலே சுற்றி வந்து, ஆட்கள் வயிற்றுப்போக்கில் சாகச் சாக, 1803 ஜூனில் சிட்னி சேர்ந்தார். கண்டம் ஒரு சுற்று முடிந்தது.

வேறு கப்பல் வாங்க இங்கிலாந்து போகலாமென்று போர்பாய்ஸ் என்ற கப்பலில் ஏறினார். ஆகஸ்ட் 17 ராத்திரி அது பவளப்பாறையில் மோதி உடைந்தது. கூட வந்த கேட்டோவும் உடைந்தது. மூன்றாவது கப்பல் உதவாமலே போய்விட்டது. எண்பது பேருக்கு மேல் ஒரு மணல்திட்டில். பிளிண்டர்ஸ் ஒரு திறந்த படகில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் துடுப்பும் பாயுமாக 13 நாளில் சிட்னி போய், ஆறு வாரத்தில் கப்பல்களோடு திரும்பி வந்து எல்லோரையும் மீட்டார்.

அங்கிருந்து கம்பர்லண்ட் என்ற 29 டன் ஓட்டைக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கிளம்பினார். பம்பை நிறுத்தினால் மூழ்கிவிடும். வேறு வழியில்லாமல் 1803 டிசம்பரில் மொரீசியஸில் ஒதுங்கினார். அது அப்போது பிரெஞ்சுக்காரர் கையில். யுத்தம் மறுபடி மூண்டுவிட்ட செய்தி வழியில் அவருக்குத் தெரியாது. கையில் பிரான்ஸ் கொடுத்த பாஸ்போர்ட் இருந்தது, ஆனால் அதில் எழுதியிருந்தது இன்வெஸ்டிகேட்டர் கப்பலின் பெயர்! ஆளுநர் ஜெனரல் தெகேன் சந்தேகப்பட்டார். இந்த தெகேன் யார் தெரியுமா? அதே வருஷம் நம்ம பாண்டிச்சேரியை ஆங்கிலேயரிடமிருந்து பெற்றுக்கொள்ள வந்து, அவர்கள் கொடுக்காததால் ஏமாந்து மொரீசியஸுக்குப் போனவர். ஆங்கிலேயர் மேல் அவருக்கு எவ்வளவு எரிச்சல் இருந்திருக்கும்! பிளிண்டர்ஸும் லேசுப்பட்டவர் இல்லை. தொப்பியைக் கழற்றாமலே எதிரே நின்றார், சாப்பாட்டுக்கு அழைத்தபோது வர மறுத்தார். பெட்டியிலோ சிட்னி ஆளுநர் கொடுத்தனுப்பிய அரசாங்கக் கடிதங்கள். தப்பு ஒரு பக்கம் மட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் தண்டனை ஆறரை வருஷம் என்பது அநியாயம். 1806-ல் நெப்போலியன் விடுதலைக்கு ஒப்புதல் கொடுத்து, அது தீவுக்கு வந்து சேர்ந்த பிறகும் தெகேன் விடவில்லை.

சிறையில் அவர் சும்மா இருக்கவில்லை. ஊசிப் பிழையைப் பற்றிக் கட்டுரை எழுதி லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். பாரோமீட்டரை வைத்துக் கடற்கரைக் காற்றை முன்கூட்டி அறிவது பற்றி இன்னொன்று. 1804-ல் கண்டத்தின் முழு வரைபடத்தைப் போட்டு அதன் தலையில் ஆஸ்திரேலியா என்று எழுதினார். பிற்பாடு ஒரு தோட்டக்கார அம்மாள் வீட்டில் தங்க அனுமதித்தார்கள். பிரெஞ்சு கற்றுக்கொண்டார், புல்லாங்குழல் வாசித்தார், வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கண்டத்தைச் சுற்றியபோது கூடவே வந்த டிரிம் என்ற கறுப்புப் பூனை அந்தத் தீவில் காணாமல் போனது. அதற்கும் ஒரு அஞ்சலி எழுதிவைத்தார்.

1810 அக்டோபரில் ஊர் திரும்பியபோது அவருக்கு 36 வயதுதான், ஆனால் உடம்பு போய்விட்டிருந்தது. கேப்டன் பதவியை அந்த மே மாதத்திலிருந்துதான் கணக்கிட்டார்கள், சிறையிருந்த வருஷங்கள் சேரவில்லை. பாதிச் சம்பளம். 1811-ல் பிரெஞ்சுக்காரர்கள் கண்டத்தின் முழு வரைபடத்தை முதலில் வெளியிட்டுவிட்டார்கள், இவர் அளந்த தென்கரைக்கு நெப்போலியன் நிலம் என்று பெயர் போட்டு! அவசரப்பட்டுத் தன்னுடையதை அச்சுக்கு அனுப்பினாரா? இல்லை. வானியல் அட்டவணைகளில் பிழை இருப்பது தெரிந்ததால் தீர்க்கரேகைக் கணக்குகள் மறுபடி போடப்பட்டன. எடுத்த பேரிங்குகளுக்கு ஊசிப் பிழைத் திருத்தம். 1812-ல் துறைமுகம் துறைமுகமாகப் போய்க் கடற்படைக் கப்பல்களில் காம்பஸ் சோதனை. அந்த வருஷம்தான் மகள் பிறந்தாள்.

புத்தகத்துக்கு ஆஸ்திரேலியா என்று பெயர் வைக்கவேண்டும் என்றார். பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, டெர்ரா ஆஸ்திராலிஸ் என்ற பழைய லத்தீன் பெயரே அட்டையில் வந்தது. இரண்டு தொகுதியும் வரைபடத் தொகுதியும் 1814 ஜூலை 18-ல் வெளியாயின. அதே ஜூலை 18, கப்பல் கிளம்பிய தேதி. படுக்கையருகே புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தபோது அவருக்கு நினைவில்லை என்று சொல்வார்கள். மறுநாள் இறந்தார். வயது 40. அவர் விரும்பிய பெயரை 1817-ல் ஆளுநர் மக்குவாரி சிபாரிசு செய்தார், 1824-ல் கடற்படைத் தலைமையும் ஏற்றது. அவர் அளக்காமல் விட்ட வடமேற்குக் கரையை பிலிப் பார்க்கர் கிங் அளந்தபோது கூடப் போனவர், நம்ம புங்கரீ!

ஆன் சிறிய பென்ஷனில் மகளை வளர்த்தார். 1850-களில் ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் இரண்டு, வருஷத்துக்கு 100 பவுன் வீதம் கொடுக்க முடிவு செய்த நேரத்தில் ஆன் இறந்துவிட்டிருந்தார். பணம் மகளுக்குப் போனது. மகள் அதைத் தன் மகன் படிப்புக்கென்று வைத்தார். அந்தப் பேரன் பிளிண்டர்ஸ் பெட்ரி 1880-82-ல் எகிப்து போய்த் தியோடலைட்டை நிறுத்தி கீசா பிரமிடுகளை அளந்தார்!

கண்டத்தை அளந்தவரின் கல்லறை மட்டும் எங்கேயென்று தெரியாமல் போயிருந்தது. லண்டன் யூஸ்டன் ரயில் நிலையம் அந்த இடுகாட்டின் மேல் விரிந்துவிட்டது. 2019 ஜனவரியில் புது ரயில் பாதைக்காகத் தோண்டியபோது ஆயிரக்கணக்கான சவப்பெட்டிகளுக்கு நடுவே, பெயர் பொறித்த ஒரு ஈயத் தகடு கிடைத்தது. தகரத் தகடுகள் துருப்பிடித்துப் போயிருந்தன, ஈயம் அப்படியே இருந்தது. 2024 ஜூலை 13-ல் டோனிங்டன் கிராமத்துக்குக் கொண்டுபோய், ஊர் ஜனம் கூடியிருக்க, சொந்த ஊர் தேவாலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள்.